எல்லோரும் நிறுத்தச் சொன்ன நாவல்

அந்த நாவலின் முதல் பக்கத்தில், கதாநாயகன் வேலை முடிந்து வீடு திரும்பும் இடத்தில், “இடது பக்கம் இன்னும் கொஞ்சம் இடது பக்கம் போதும் போதும்” என்று ஒரு வரி இருந்தது. கதைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கிரேன்காரர் தன் போனிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது, அடுத்த கிரேனுக்கான பேச்சு வாக்கிடாக்கியில் குறுக்கே விழுந்திருக்கிறது. எது கதை, எது கம்பிக்கட்டு என்று போனுக்கு என்ன தெரியும்? காதில் விழுந்ததையெல்லாம் எழுதிவைத்துவிட்டது.

கிரேன்காரர் வேலை பார்ப்பது பாதி கட்டிய ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தலைக்கு மேலே, ஒரு குளியலறை அளவுள்ள கண்ணாடிக் கூண்டில். காலையில் ஏணி ஏறினால் சாயங்காலம்தான் இறக்கம். கூடவே ஒரு சாப்பாட்டு டப்பா, ஒரு துண்டு, ஒரு தண்ணீர் பாட்டில், வேறொரு காரியத்துக்காக ஒரு காலி பாட்டில். இரண்டு பாட்டிலும் ஒரே நிறத்தில் இருக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலுக்கு வரும் ஒவ்வொருவரும் சீக்கிரமே கற்றுக்கொள்ளும் பாடம்.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது ஓயாத வேலை மாதிரி தெரியும். உண்மையில் தூக்கும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம்தான் அதிகம். கீழே பாரத்தைக் கட்டி முடிக்க வேண்டும், லாரி வந்து சேர வேண்டும், இரண்டு இன்ஜினியர்கள் ஒரு முடிவுக்கு வர வேண்டும். அதுவரை கொக்கி சும்மா தொங்கும். கொக்கி தொங்கும் நேரத்தில் அவர் போனை எடுத்து, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வார். பாரம் ஏறப்போகிறது என்றால் போன் பையின் அடிக்குப் போய்விடும். அதில் அவர் கறார். அதனால்தான் அந்த நாவலில் பல வாக்கியங்கள் பாதியிலேயே நின்று, மத்தியானத்துக்கு மேல் வேறு ஏதோவாகத் தொடர்ந்தன.

கீழே நின்று அவருக்குக் கை காட்டுபவருக்குப் பெயர் விசில். வீட்டில் வைத்த பெயர் வேறு. வேலையிடத்தில் அதைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்திலேயே உரத்த குரல் அவருடையதுதான். அவர் சிரித்தால் கலவை இயந்திரத்தின் இரைச்சலைத் தாண்டிக் கூண்டுவரை கேட்கும். தொண்டையில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் நடந்தது. கட்டியோடு குரலும் போயிற்று. பேச முடியாதவர் வாக்கிடாக்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று ஆபீஸில் யோசித்தார்கள். வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று பேச்சு எழுந்தபோது கிரேன்காரர் ஏணியில் இறங்கி நேராக ஆபீஸுக்குப் போனார்.

“எனக்கு அவர் பேச வேண்டாம் சார். கை தெரிஞ்சா போதும்” என்றார்.

அதோடு பேச்சு முடிந்தது. தொண்டையில் குரல் இல்லாவிட்டாலும் மூச்சு இருந்தது. விசில் ஊத அது போதும். கழுத்தில் ஒரு விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர் வேலைக்குத் திரும்பினார். பெயரும் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

அந்தத் தொழிலின் கைஜாடைகள் மிகவும் எளியவை. சுட்டுவிரல் மேல் நோக்கிச் சுழன்றால் தூக்கு. கீழ் நோக்கிச் சுழன்றால் இறக்கு. சுழலும் கைக்கு மேல் இன்னொரு கையை அசையாமல் கவிழ்த்துப் பிடித்தால், மெதுவாக. கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, காற்றை அறுப்பதுபோல் அசைத்தால், நிறுத்து. இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டால், இருப்பது இருந்தபடியே இருக்கட்டும், நான் சொல்லும்வரை எதுவும் அசையக் கூடாது. இதற்கெல்லாம் மேலே ஒரு விதி உண்டு. கை காட்டுவது ஒரே ஒரு ஆள்தான். வேறு யார் காட்டினாலும் கிரேன் அசையாது. ஆனால் ‘நிறுத்து’ என்று மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம். டீ கொண்டுவருபவர் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

நாவல், குரலை இழந்த ஒரு மனிதனைப் பற்றியது. அவனுடைய பழைய சிரிப்பு, அவன் போடும் சத்தம், அவன் திட்டும் திட்டு எல்லாம் அதில் இருந்தன. இப்போது வேலைக்கு வருபவர்களில் பாதிப் பேர் விசிலின் குரலைக் கேட்டதே இல்லை. அந்தக் குரல் இந்த உலகத்தில் இனி எங்காவது இருக்குமென்றால் அது இந்த நாவலில்தான் என்று கிரேன்காரர் நினைத்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை. கதை விசிலைப் பற்றியது என்பது மனைவிக்குத் தெரியும், கேன்டீனில் சிலருக்குத் தெரியும். விசிலுக்குத்தான் தெரியாது. ஒரு மனிதனின் தொண்டையைப் பற்றி அவனைக் கேட்காமலே எழுதிவிட்டு, அதை எந்த முகத்தோடு அவன் கையில் கொடுப்பது?

இப்படிப் பேசிப் பேசி முடித்த நாவலை அவர் ஒரு சின்னப் பதிப்பகத்துக்கு அனுப்பினார். அங்கே கதைகளைத் தேர்ந்தெடுக்கும் பதிப்பாசிரியர் ஒரு பெண்மணி. ஒரு விடுமுறை நாளில், கிரேன்காரர் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது, பதிப்பாசிரியரே போனில் கூப்பிட்டார்.

“சார், உங்க முதல் பக்கத்தை உங்களுக்கே படிச்சுக் காட்டட்டுமா? நீங்க அனுப்பின மாதிரியே.”

“படிங்க மேடம்.”

அவர் படித்தார். “அவன் கதவைத் தட்டினான் யாரு என்றாள் அவன் வாயைத் திறந்தான் காற்று மட்டும் வந்தது யாரு என்றாள் அவன் நின்றான் அவளும் நிற்கிறாள் பழக்கத்தில் கேட்டுவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது கதவு திறந்தது அவன் உள்ளே வந்தான் அவன் தம்பி எழுந்தான் அவன் அழுதான் அவன்...” அதற்குமேல் போனில் மூச்சு வாங்கும் சத்தம்தான் கேட்டது. பதிப்பாசிரியர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

“எனக்கு மூச்சு முட்டுது சார். இதுல யாரு யாருன்னு கேக்கறது யாரு? அழுதது அவனா, தம்பியா?”

“தம்பிதான் மேடம். இவன் அழ மாட்டான்.”

“அது உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?”

கிரேன்காரர் ஈரச் சட்டையைக் கையில் பிடித்தபடியே நின்றார். கூண்டில் உட்கார்ந்து சொல்லும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தம்பி அழும் இடத்தில் அவர் குரல் தாழ்ந்தது. கதவுக்கு முன்னால் அவர் பேசாமல் இருந்தார். போன் அந்தத் தாழ்ந்த குரலையும் எழுதவில்லை, பேசாமல் இருந்ததையும் எழுதவில்லை.

“கதை உங்ககிட்ட இருக்கு” என்றார் பதிப்பாசிரியர். “அதனாலதான் கூப்பிட்டேன், இல்லேன்னா ரெண்டு வரி மெயில் போட்டிருப்பேன். ஒருத்தர் பேசி முடிச்சு இன்னொருத்தர் பேச ஆரம்பிச்சா அடுத்த வரிக்குப் போங்க. பேசினதை மேற்கோள் குறிக்குள்ள வைங்க. அவன்னு எழுதினா எந்த அவன்னு தெரியணும், சந்தேகம்னா இன்னொரு தடவை ஆளைச் சொல்லிடுங்க, தப்பே இல்ல. நடந்ததா ஆரம்பிச்சா நடந்ததாவே முடிங்க. ‘நின்றான்’னு சொல்லிட்டு அடுத்தாப்புல ‘நிற்கிறாள்’னா, ரெண்டு பேரும் வேற வேற நாள்ல நிக்கற மாதிரி இருக்கு. அப்புறம் கமா, முற்றுப்புள்ளி. அது அழகுக்கு இல்ல சார். படிக்கிறவங்க பக்கத்துல நீங்க உக்கார முடியாது. உங்களுக்குப் பதிலா அதுங்கதான் இருக்கும்.”

“அப்போ அதுங்கதான் கை காட்டுறதா?”

“என்ன சார்?”

“ஒண்ணுமில்ல மேடம். சொல்லுங்க.”

“இந்த மாசக் கடைசியில பட்டியலை மூடறோம். அதுக்குள்ள வந்தா மறுபடி படிக்கிறேன். அடுத்த வருஷம்னா என்னால எதுவும் சொல்ல முடியாது. பதிப்பகம் இருக்குமான்னே தெரியாது.”

அன்று சாயங்காலம் மனைவி வேலை முடிந்து வந்தார். துணிக்கடையில் பில் போடுபவர் அவர். ஆயிரம் பேர் அவசரத்தை நாளெல்லாம் பார்ப்பதால் வீட்டில் யாருடைய அவசரமும் அவரை அசைக்காது. கணவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, மறுநாள் கடைத் தோழி ஒருவரிடமிருந்து ஒரு பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகத்தை வாங்கிவந்து கொடுத்தார்.

நிறுத்தக்குறிகள் இருந்த பக்கத்தைக் கிரேன்காரர் விரித்தார். பள்ளியில் மனப்பாடம் செய்த பெயர்கள்தான். அப்போது அவற்றைப் பார்த்ததில்லை, சும்மா ஒப்பித்திருக்கிறார். இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்தார். காற்புள்ளி. அரைப்புள்ளி. முக்காற்புள்ளி. முற்றுப்புள்ளி. மனைவியைக் கூப்பிட்டார்.

“இங்க வா, இதைப் பாரு. கால், அரை, முக்கால், முழுசு. யாரோ உக்காந்து நிறுத்தத்தை அளந்திருக்காங்க.”

“இது அஞ்சாங்கிளாஸ்ல இருக்கு.”

“பாரத்தைக் கால், அரைன்னு அளக்கலாம். தூரத்தை அளக்கலாம். சும்மா இருக்கறதை அளந்திருக்காங்களே. அதுக்குப் பேரும் வெச்சு, அதைப் புள்ளி அளவுக்குச் சுருக்கி, பசங்க கையில குடுத்திருக்காங்க.”

“அஞ்சாங்கிளாஸ்ல நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“ஜன்னல் வழியா கிரேன் பாத்துட்டிருந்தேன்.”

அன்றிலிருந்து அவருக்கு எழுத்தைச் சும்மா பார்க்க முடியவில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் படிக்கும் நாளிதழில் கமாவைத் தேடினார். மருந்துச் சீட்டில் தேடினார். பேருந்துப் பலகையில் ஒரு முற்றுப்புள்ளி விடுபட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனார். இத்தனை வருடம் இந்தப் பொடிப்பொடிக் குறிகள் ஊர் முழுக்கக் கைநீட்டி நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி, அனுப்பி, வழி காட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. ஒருவர் கூட அவற்றை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆனால் பார்ப்பது வேறு, தன் கதையில் போடுவது வேறு. எங்கே போடுவது? அவர் கதையை எத்தனை தடவை படித்தாலும் தன் குரலே அவர் காதில் கேட்டது. எல்லா இடமும் சரியாகவே பட்டது. மற்றவர் கண்தான் வேண்டும் என்று முடிவு செய்தார். கதையை அச்செடுத்து, விசில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேன்டீனுக்குக் கொண்டுபோனார்.

“படிங்க. எங்க நிக்கணும்னு தோணுதோ அங்க ஒரு சிவப்புக் குறி போடுங்க” என்றார்.

ஸ்டோர் கீப்பருக்குச் சாமான் பட்டியல் எழுதியே பழக்கம். அவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் ஒரு கமா போட்டார். வெல்டர் உணர்ச்சிவசப்படும் மனிதர். அவர் ஆச்சரியக்குறியைத் தவிர வேறெதையும் தொடவில்லை.

“இதுல என்னப்பா ஆச்சரியம்? அவன் செருப்பைத்தானே கழட்டுறான்?” என்று கேட்டார் கிரேன்காரர்.

“குரல் போன மனுஷன் செருப்பைக் கழட்டுறான். அதைவிட என்ன வேணும் உனக்கு?”

பாதுகாப்பு அதிகாரி எல்லாவற்றையும் மேற்கோள் குறிக்குள் அடைத்தார், வெளியே இருந்தால் யாருக்காவது அடிபட்டுவிடும் என்பதுபோல. கேன்டீன் கல்லாவில் இருப்பவர், யோசிக்க வேண்டிய இடம் என்று தோன்றிய இடத்திலெல்லாம் மூன்று புள்ளி வைத்தார். அவருக்கு எல்லா இடமும் யோசிக்க வேண்டிய இடமாகவே தோன்றியது.

கிரேன்காரர் ஒன்றைக்கூட விடவில்லை. நிறுத்து என்று யார் சொன்னாலும் நிறுத்தியாக வேண்டும். அது அவர் ரத்தத்தில் ஊறிய விதி. எல்லாச் சிவப்புக் குறிகளையும் வரிவரியாகக் கதைக்குள் ஏற்றினார். மாதம் கடைசியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. முடித்ததும் மனைவியிடம் முதல் பக்கத்தைக் கொடுத்தார். அவர் சத்தமாகப் படித்தார்.

“அவன், கதவை. தட்டினான்! ‘யாரு’? என்றாள். அவன்... வாயை, திறந்தான்! காற்று, மட்டும். வந்தது...” மனைவி தாளை இறக்கினார். “என்னங்க, கதைக்கு விக்கல் வந்திருக்கு.”

“அது நிறுத்தம்.”

“இந்த நிறுத்தம் யார் சொன்னது?”

“ஸ்டோர் கீப்பர்.”

“இது?”

“வெல்டர்.”

“இது?”

“கல்லாக்காரர்.”

“இதுல நீங்க சொன்னது எது?”

கிரேன்காரர் தாளை வாங்கி மடித்து வைத்தார். சாப்பிடும்போது மனைவி அவர் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டார், அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் ஆஸ்பத்திரிக் கூரைக்குப் பெரிய குளிரூட்டும் இயந்திரத்தை ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு லாரியை முழுக்க நிறைத்துக்கொண்டு வந்த இரும்புப் பெட்டி. விலை அதிகம் என்பதால் பார்க்க வந்த கூட்டமும் அதிகம். இன்ஜினியர்கள், இயந்திரத்தை விற்றவர்கள், காப்பீட்டு ஆட்கள், அவர்களோடு வந்தவர்கள் என்று கூரை முழுக்கப் பளபளக்கும் புதுத் தலைக்கவசங்கள்.

பாரம் தரையை விட்டு எழுந்து, கூரை உயரத்தைத் தாண்டி, பக்கவாட்டில் திரும்பத் தொடங்கியது. சுவர் பக்கமிருந்து ஒருவர் பயந்து கையை நீட்டினார். நிறுத்து. கிரேன்காரர் நிறுத்தினார். பெட்டி மெல்ல ஆடியது. மறுபடி நகர்த்தினார். இன்னொரு கை. நிறுத்தினார். ஆட்டம் கூடியது. அதைப் பார்த்துப் பயந்து இன்னும் இரண்டு கைகள் எழுந்தன. நிறுத்தினார். ஒவ்வொரு நிறுத்தமும் பெட்டியை இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டது. அது இப்போது ஒரு வீடு ஊஞ்சலாடுவது மாதிரி ஆடியது. கூண்டின் தரை அவர் காலுக்கடியில் அசைந்தது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

விசில் சத்தம் கேட்டது. நீளமான ஒரே சத்தம்.

கீழே விசிலின் பழைய மஞ்சள் தலைக்கவசம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கூரையின் நடுவுக்கு வந்தது. விசில் ஒவ்வொரு புதுக் கவசத்தையும் நோக்கிக் கையைக் கீழே இறக்கச் சொன்னார். நீட்டிய கைகள் இறங்கின. பிறகு அவர் மேலே கூண்டைப் பார்த்து, தன் இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டார்.

எதுவும் அசையவில்லை. கூரையில் ஒருவரும் அசையவில்லை. பெட்டி மட்டும் ஆடியது, கொஞ்சம் குறைவாக ஆடியது, இன்னும் குறைவாக ஆடியது. கடைசியில், அத்தனை பெரிய இரும்பும் தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டதுபோல, காற்றில் அப்படியே நின்றது. அப்போதும் விசில் கோத்த கையை எடுக்கவில்லை. இன்னும் சற்று நேரம் பொறுத்திருந்தார். அதன் பிறகுதான் ஒரு கை பிரிந்தது. அதற்கு மேல் இன்னொரு கை கவிழ்ந்தது. மெதுவாக. பெட்டி ஒரு குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

கிரேன்காரர் கூண்டில் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். இருபது வருடமாகத் தெரிந்த விதியை அப்போதுதான் முழுசாகக் கேட்டதுபோல் இருந்தது. நிறுத்தச் சொல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு. பாரத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு கைதான் வேண்டும். நாவலுக்கு அவர் விதியின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார். ஊரில் இருக்கும் எல்லாக் கைகளையும் கேட்டிருந்தார். அந்த ஒரு கையைக் கேட்கவில்லை.

வேலை முடிந்ததும் ஆடையைக்கூட மாற்றாமல் கேன்டீனுக்குப் போனார். பையில் நாவலின் பழைய பிரதிகள் இரண்டு இருந்தன. ஒரு புள்ளிகூட இல்லாதவை. விசில் ஒரு மேஜையில் டீயோடு உட்கார்ந்திருந்தார். கிரேன்காரர் எதிரே உட்கார்ந்து ஒரு தாள்கட்டை அவர் முன்னால் வைத்தார்.

“அண்ணே, இது நான் எழுதினது. உங்களைப் பத்தித்தான். உங்களைக் கேக்காம எழுதிட்டேன். கிழிச்சுப் போடணும்னாலும் போடுங்க, நான் எதுவும் சொல்ல மாட்டேன்.”

விசில் அவரைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். டீயைத் தள்ளிவைத்துவிட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். இடது கைவிரல் வரிக்குக் கீழே ஊர்ந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கிரேன்காரருக்கு அந்த முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், மேஜைமேல் கிடந்த அவருடைய வலது கையைப் பார்த்தார்.

அந்தக் கை அசைந்துகொண்டிருந்தது.

முதலில் தற்செயல் என்று நினைத்தார். சுட்டுவிரல் மெல்லச் சுழன்றது. வாக்கியம் ஏறுகிறது. விரல் தயங்கி, உள்ளங்கை பாதி கவிழ்ந்தது. மெதுவாக. மறுபடி விரல் சுழன்றது. பிறகு கை தட்டையாக விரிந்து மேஜையை ஒரு தடவை அறுத்தது. நிறுத்து. விசிலுக்கு அது தெரியவே இல்லை. சிலர் படிக்கும்போது உதடு அசைவதுபோல் அவருக்குக் கை அசைந்தது. உதட்டில் குரல் இல்லாத மனிதனுக்குப் படிப்பு கையில் வந்து சேர்ந்திருந்தது.

கிரேன்காரர் இத்தனை வருடம் உயரத்திலிருந்து எறும்பளவுக்குப் பார்த்த கை. அதே கை இப்போது ஒரு முழ தூரத்தில், அவருடைய சொந்த வாக்கியங்களைத் தூக்கி, நகர்த்தி, இறக்கிவைத்துக்கொண்டிருந்தது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். கையில் வைத்திருந்த இன்னொரு பிரதியில், அந்தக் கை கவிழ்ந்த இடத்தில் கமா வைத்தார். அறுத்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்தார்.

கதவுக்கு இருபுறமும் இருவரும் நிற்கும் இடம் வந்தது. விசிலின் கை நின்றது. இடது கையும் தாளை விட்டு எழுந்தது. இரண்டும் மேஜைமேல் மெல்லக் கோத்துக்கொண்டன.

கேன்டீனில் தட்டுகள் மோதின, யாரோ யாரையோ கூப்பிட்டார்கள், தண்ணீர் ஓடியது. அந்த மேஜையில் மட்டும் ஒன்றும் அசையவில்லை.

வெகுநேரம் கழித்து விசில் நிமிர்ந்தார். விரலை மடக்கி மேஜையை இரண்டு தடவை தட்டினார். பிறகு, உனக்கு எப்படித் தெரியும் என்பதுபோல் கையை விரித்தார்.

“தெரியாது அண்ணே. நானா நெனச்சுக்கிட்டேன். ஆபரேஷனுக்கு அப்புறம் வேலைக்கு வந்த மொத நாள் சாயங்காலம் உங்க வீட்டு வாசல்ல என்ன ஆயிருக்கும்னு.”

விசில் தாளைத் திருப்பி, ‘கதவு திறந்தது’ என்ற இடத்தைத் தொட்டுத் தலையை ஆட்டினார். இல்லை. ஒரு கையைச் செங்குத்தாக நிறுத்தினார்: கதவு. இந்தப் பக்கம் இரண்டு தடவை தட்டிக் காட்டினார்: அவர். கதவு திறக்கவில்லை. கையை அந்தப் பக்கம் கொண்டுபோய், உள்ளேயிருந்து இரண்டு தடவை தட்டிக் காட்டினார்.

தட்டியது விசிலின் மனைவி. ‘யாரு’ என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு, கேட்டது உறைத்ததும், அந்த அம்மா வார்த்தையை விட்டுவிட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். கணவர் எந்த மொழியில் இருந்தாரோ அந்த மொழியில். அதற்கப்புறம்தான் தாழ்ப்பாளைத் திறந்திருக்கிறார்.

எவ்வளவு யோசித்தும் கிரேன்காரருக்குத் தோன்றாத ஒன்று அது. ‘கதவு திறந்தது’ என்பதை அடித்தார். விசிலின் கைகள் கோத்துக்கொண்ட இடத்தில் ஒரு வரியை வெற்றாக விட்டார். அதற்குக் கீழே எழுதினார்: ‘உள்ளேயிருந்து, அவள் தட்டினாள்.’

விசில் எட்டிப் பார்த்தார். அந்தக் கமாவின் மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, சுட்டுவிரலை மேல் நோக்கிச் சுழற்றினார். தூக்கு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அதே மேஜை. விசில் படித்தார், கிரேன்காரர் கையைப் பார்த்துக் குறித்தார். எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்ல முடியாது. கை தன்னைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்ததும் வெட்கப்பட்டு ஒரு நாள் அசையவே மறுத்தது. டீயும் அரட்டையுமாக அதை மறக்கடிக்க வேண்டியிருந்தது. கதாநாயகன் திட்டும் இடங்களில் விசில் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தார், அந்தப் பக்கங்கள் குறியில்லாமலே போயின. சில இடங்களில் கிரேன்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

“இங்க நிக்கக் கூடாது அண்ணே. இவன் ஓடிட்டிருக்கான். நின்னா செத்தான். நீங்க வழி காட்டுறீங்க சரி, நெம்புகோல் என் கையிலதானே இருக்கு?”

விசில் இரண்டு கையையும் உயர்த்தி, உன் பாடு என்று காட்டினார். அந்த ஒரு வாக்கியம் முக்கால் பக்கத்துக்கு ஒரே ஓட்டமாக ஓடியது. மனைவி அதைப் படித்துவிட்டு, “இங்க மட்டும் மூச்சு வாங்குது, ஆனா வாங்கணும்போல இருக்கு” என்றார். வெல்டருடைய ஆச்சரியக்குறிகளில் ஒன்றே ஒன்று தப்பிப் பிழைத்தது. அது எதுவென்று கண்டுபிடித்துத் தரும்படி அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மாதத்தின் கடைசி வேலைநாளில் நாவல் போய்ச் சேர்ந்தது.

பதிப்பாசிரியர் கூப்பிட்டபோது கிரேன்காரர் கூண்டில் இருந்தார். கீழே கம்பிக்கட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கொக்கி சும்மா தொங்கியது.

“சார், முதல் பக்கத்தைப் படிச்சுக் காட்டட்டுமா?”

“படிங்க மேடம்” என்றார்.

“அவன் கதவைத் தட்டினான்” என்று படித்தார் பதிப்பாசிரியர். நிறுத்தினார். “‘யாரு?’” இன்னொரு குரலாக இருந்தது அது. “அவன் வாயைத் திறந்தான். காற்று மட்டும் வந்தது. ‘யாருன்னு கேக்கறேன்ல?’ அவன் நின்றான். கதவுக்கு அந்தப் பக்கம், அவளும் நின்றாள்.”

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே காற்று போனது. கிரேன்காரர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி காதில் வைத்தார்.

“மேடம்? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன் சார். இங்க நிக்கச் சொல்லியிருக்கீங்க. நின்னுட்டிருக்கேன்.”

கிரேன்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். எங்கோ ஓர் அறையில், முகம் தெரியாத ஒருவர், அவர் விட்ட ஒரு வெற்று வரிக்கு முன்னால் நிற்கிறார். பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு கோத்த கை மட்டும் இருக்கிறது.

“உள்ளேயிருந்து, அவள் தட்டினாள்” என்று படித்து முடித்தார் பதிப்பாசிரியர். “பட்டியல்ல சேர்த்துட்டேன். ஆனா எட்டாவது அத்தியாயத்துல நடந்தது திரும்பவும் நடக்கறதா மாறுது. அதைச் சரி பண்ணுங்க. அப்புறம் ஒரு இடத்துல ‘போதும் போதும் இறக்கு’ன்னு யாரோ சொல்றாங்க. யார் சார் அது?”

“அது அடுத்த கிரேன் மேடம். எடுத்துடறேன்.”

கீழே விசில் கூண்டை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாரம் கட்டியாகிவிட்டது. போன் பையின் அடிக்குப் போனது. அங்கிருந்து எதையும் கத்திச் சொல்ல முடியாது, சொன்னாலும் கேட்காது. கிரேன்காரர் ஹாரனைத் தொட்டார். குட்டையாக இரண்டு தடவை, கதவைத் தட்டுவதுபோல.

கீழே அந்த மஞ்சள் கவசம் சற்று நேரம் அசையாமல் இருந்தது. பிறகு கை எழுந்து, தன் கவசத்தை இரண்டு தடவை தட்டியது. அடுத்து சுட்டுவிரல் வானத்தை நோக்கிச் சுழன்றது.

கிரேன்காரர் தூக்கினார்.